முன் சக்கரமும் என் கையும்

மார்ச் 4, செவ்வாய்

கண்ணாடிக்கடைக்காரர் இன்றும் ஆரம்பித்துவிட்டார். சரக்கு ஏற்ற வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். வாசலில் நின்றபடி, "என்னண்ணே, உங்க லாரி முன்னாடி மட்டும் வயித்த எக்கிக்கிட்டு நிக்குது?" என்றார். கடையில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எரிச்சல். போன வருடம் பள்ளத்தில் இறங்கி முன் அச்சு வளைந்தது. பழைய சாமான் கடையில் வேறு அச்சு எடுத்துப் போட்டேன். அதே கம்பெனி, வேறு மாடல். கொஞ்சம் குட்டை. அதனால் பின் சக்கரங்கள் வெளியே நிற்கின்றன, முன் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி நிற்கின்றன. ஓடுகிறது, ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை.

சாயங்காலம் மட்கார்டு விளிம்பில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அளந்தேன். முன் சக்கரம் ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர் உள்ளே. பின் சக்கரம் இருபது. வித்தியாசம் முப்பத்தெட்டு. இரண்டு பக்கமும் அதே கணக்கு. என் அளவு தப்பாது.

மார்ச் 6, வியாழன்

ஸ்பேசர் வாங்கிவிட்டேன். அலுமினிய வில்லை, இரண்டு விரல் தடிமன். அச்சின் முனையில் சக்கரம் உட்காரும் தட்டு இருக்கிறதே, அதன்மேல் இதை முடுக்கி, இதன்மேல் சக்கரத்தை முடுக்க வேண்டும். சக்கரம் அந்த அளவுக்கு வெளியே வந்துவிடும். சரியாக முப்பத்தெட்டு மில்லிமீட்டரிலேயே கிடைத்தது.

கடைப்பையனுக்குச் சொல்கிற மாதிரி என்னிடம் சொன்னார் கடை முதலாளி: "ஐயா, வேலை தெரிஞ்ச ஆளுகிட்ட குடுத்து மாட்டுங்க."

எனக்கு யாரும் வேலை சொல்லிக்கொடுக்கவில்லை. பிரித்தேன், திருப்பி மாட்டினேன், கையில் மிச்சம் இருந்த நட்டைப் பார்த்து எங்கே தப்பு என்று தெரிந்துகொண்டேன். இப்படியே நாற்பது வருடம். இதையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே வேலை. ஆனால் என்ன வேலை!

பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. எறும்பு மாதிரி எழுத்து. அதைப் பெயின்ட் டப்பாவுக்கு அடியில் விரித்தேன். தரையில் கறை படிந்தால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டும்.

தட்டில் இருந்த துருவை எல்லாம் தேய்த்தேன். பிறகு கறுப்புப் பெயின்ட். தட்டுக்கு இரண்டு பூச்சு, ஸ்பேசருக்கு முன்னும் பின்னும் இரண்டு பூச்சு. நான் மாட்டும் எந்தச் சாமானும் பெயின்ட் இல்லாமல் போகாது. யாரும் பார்க்காத இடமாக இருந்தாலும் சரி. வேலைக்காரனுக்கும் வேலை தெரிந்தவனுக்கும் அதுதான் வித்தியாசம். மத்தியான வெயிலில் காயவைத்து மாட்டினேன். நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, ஒரேயடியாக ஒன்றை முடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தேன். எங்கும் உரசவில்லை.

தெருமுனைவரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். நான்கு சக்கரமும் ஒரே கோட்டில். தோளை விரித்து நிற்கிறது என் வண்டி.

என் மனைவி வாசலுக்கு வந்து, "இந்த வண்டிய பாக்குற மாதிரி என்னிக்காவது என்னைப் பாத்திருக்கீங்களா?" என்றாள்.

"உனக்கு ஸ்பேசர் தேவைப்படலயே" என்றேன்.

மார்ச் 10, திங்கள்

கண்ணாடிக்கடைக்காரர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மனிதர் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு இனிமை.

மார்ச் 12, புதன்

நட்டுகளைச் சோதித்தேன். எல்லாம் கால் சுற்று ஏறின. புதிதாக மாட்டிய சாமான் உட்கார்ந்துகொள்ளும், சகஜம்.

முகம் மழிக்கும்போது தாடையில் வெட்டிக்கொண்டேன்.

மார்ச் 14, வெள்ளி

மகள் தன் வீட்டுக்குப் பழைய அலமாரி ஒன்றைக் கொண்டுபோக வேண்டும் என்றாள். ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினோம். ஸ்பேசர் மாட்டியபிறகு ஊருக்குள்ளேயே முப்பதில் நாற்பதில் ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்றுதான் நெடுஞ்சாலை.

ஐம்பத்தைந்து தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. பொடி நடுக்கம். இறுக்கிப் பிடித்தேன். அடங்கவில்லை.

"அப்பா, உங்க கை நடுங்குது."

"ஸ்டியரிங் நடுங்குது."

"ஸ்டியரிங்க பிடிச்சிருக்கிறது நீங்கதானே?"

"அதுக்கு?"

"தாடையில என்ன காயம்?"

என்ன கேள்வி இது? அலமாரிக்கும் தாடைக்கும் என்ன சம்பந்தம்? அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டையும் இரண்டையும் கூட்டிவிட்டுத்தான் மூச்சு விடுவாள். அதன்பிறகு வழி முழுக்க என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் நாற்பத்தைந்தில் ஓட்டினேன். நாற்பத்தைந்தில் நடுக்கம் இல்லை.

மார்ச் 15, சனி

டயர்க்கடைக்குப் போனேன். அந்தக் கடையை நடத்துகிற அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். என்னைப் "பெரியவரே" என்று கூப்பிடுவாள். நானும் பலமுறை முறைத்துப் பார்த்துவிட்டேன், அவளுக்கு உறைப்பதில்லை.

முன் சக்கரம் இரண்டையும் கழற்றி மெஷினில் சுற்றவிட்டாள். "ரெண்டும் சுத்தம், பெரியவரே. கோணல் இல்ல, எடை சரியா இருக்கு." அச்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். பேரிங்கில் ஆட்டமில்லை. ஸ்டியரிங் கம்பிகளில் ஆட்டமில்லை.

"ஸ்பேசர் யாரு மாட்டினது?"

"நான்."

"கழட்டி ஒரு தடவை—"

"நான் மாட்டினதுன்னு சொன்னேன்ல?"

பிறகு, கையைத் துடைத்துக்கொண்டே, "வேற யாராவது ஓட்டிப் பாத்தாங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தாங்க" என்றேன்.

யாரும் பார்க்கவில்லை. இந்த வண்டி வாங்கிப் பதினான்கு வருடத்தில் என்னைத் தவிர ஒருவரும் அந்த இருக்கையில் உட்கார்ந்ததில்லை. ஏன் பொய் சொன்னேன்?

மார்ச் 16, ஞாயிறு

ஒழுங்காக யோசிப்போம்.

சக்கரம் சரி. பேரிங் சரி. ஸ்டியரிங் கம்பி சரி. நான் மாட்டியது சரி. அப்படியென்றால் மிச்சம் இருப்பது—

மார்ச் 17, திங்கள்

அப்பாவுக்கு அறுபத்தெட்டில் ஆரம்பித்தது. முதலில் வலது கை. பிறகு இரண்டும். கடைசியில் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து டம்ளரிடம் போய்க் குடிப்பார். வீட்டுக்கு யாராவது வந்தால் டீ வேண்டாம் என்றுவிடுவார்.

எனக்கு அடுத்த மாதம் அறுபத்தெட்டு.

இன்றிலிருந்து தினமும் காலையில் இந்த நோட்டில் ஒரு கோடு போடப்போகிறேன். அடிக்கோல் இல்லாமல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை.

இன்றைய கோடு: நேராக இருக்கிறது. நடுவில் ஒரு சின்ன வளைவு. பேனா பழசு.

மார்ச் 18, செவ்வாய்

கோடு: சரி. நட்டு: மறுபடியும் கால் சுற்று ஏறியது.

மார்ச் 20, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆறடி நிலைக்கண்ணாடி ஒன்று உடைந்துவிட்டது. துணிக்கடைக்குக் கொண்டுபோனது. ஏற்றும்போது நன்றாக இருந்தது. நான்தான் நிறுத்தி வைத்தேன், நான்தான் பஞ்சு கொடுத்துக் கட்டினேன். நெடுஞ்சாலையில் இன்று நேரமாகிவிட்டதே என்று அறுபதில் போனேன். நடுக்கம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். இறக்கும்போது பார்த்தால் மேல்மூலையிலிருந்து கீழ்வரை ஒரே விரிசல்.

முப்பத்தொரு வருடம் கண்ணாடி சுமக்கிறேன். ஒன்றுகூட உடைந்ததில்லை. ஒன்றுகூட!

கண்ணாடிக்கடைக்காரர் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். போடவில்லை. என் தோளில் கை வைத்தார். "அண்ணே, பெரிய ஷீட்டெல்லாம் கொஞ்ச நாளைக்கு வேற வண்டியில அனுப்புறேன். நீங்க சின்னதா இருக்கிறத எடுத்துக்கங்க. உங்க பொண்ணும் போன் பண்ணிச்சு."

பொண்ணு போன் பண்ணிச்சாம்! என்னைப் பற்றி என் முதுகுக்குப் பின்னால் பேச இவங்க யாரு? நான் என்ன செத்தா போயிட்டேன்?

மார்ச் 22, சனி

மகள் வந்தாள். உட்காரும்முன்பே சொல்லிவிட்டாள்: ஏப்ரல் மூன்றாம் தேதி டாக்டர். நரம்பு டாக்டர்.

"நான் வரல."

"வரீங்க. அவர் ஓட்டக்கூடாதுன்னு சொன்னா சாவிய என்கிட்ட குடுக்கறீங்க. ஓட்டலாம்னு சொன்னா உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கறேன்."

"இப்பவே விழு."

"அப்பா, விளையாடாதீங்க. தாத்தாவ நானும் பாத்திருக்கேன்."

எழுந்து வெளியே போய் வண்டியைத் துடைத்தேன். சுத்தமாகத்தான் இருந்தது.

மார்ச் 24, திங்கள்

கோடு: சரி.

ஒன்றைக் கவனித்தேன். என் மனைவி எனக்கு டீயை முக்கால் டம்ளர்தான் ஊற்றுகிறாள். எத்தனை நாளாக என்று தெரியவில்லை. நாற்பத்திரண்டு வருடம் விளிம்புவரை ஊற்றிக்கொடுத்தவள். ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்கவில்லை. முக்கால் டம்ளர்.

மகள் கத்தியதுகூட இப்படி வலிக்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

மகள் போனில்: "அப்பா, ஞாயித்துக்கிழமை வரேன். ஒரே ஒரு தடவை வண்டிய நான் ஓட்டிப் பாக்கறேன்."

"என் வண்டிய யாரும் தொடக்கூடாது."

வைத்துவிட்டேன்.

இங்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? வண்டியைத் தொடக்கூடாது என்பதல்ல. அவள் கையில் அது நடுங்காவிட்டால்? அந்த டயர்க்கடை அம்மாள் கேட்ட அன்றைக்கே எனக்குத் தெரியும். வேறு ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும். எந்தப் பக்கம் முடியும் என்பதுதான்—

மார்ச் 30, ஞாயிறு

காலையில் கோடு போட்டேன். பிறகு பழைய பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். மார்ச் 4ஆம் தேதிக் கையெழுத்தையும் வியாழக்கிழமைக் கையெழுத்தையும் சாளரத்துப் பக்கம் வைத்து, பூதக்கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். வித்தியாசம் இல்லை. பதினான்கு கோடுகளும் நேராகத்தான் நிற்கின்றன. பேப்பரில் நடுங்காத கை ஸ்டியரிங்கில் மட்டும் எப்படி நடுங்கும்? ஒன்று இந்த நோட்டு பொய் சொல்கிறது, இல்லை நான் பொய் சொல்கிறேன்.

மகள் பத்து மணிக்கு வந்தாள். நான் வாயைத் திறக்காமல் சாவியை நீட்டினேன். அவள் ஒரு நிமிடம் வாங்கவே இல்லை. உள்ளே திரும்பி, "அம்மா, இங்க வந்து பாரு!" என்று கத்தினாள். என்னமோ நான் வீட்டை எழுதிக்கொடுத்துவிட்ட மாதிரி.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். அந்த இடத்தில் உட்கார்ந்தால் வண்டி வேறு மாதிரி தெரிகிறது. அங்கே கதவில் ஒரு கீறல் இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும். கியர் மாற்றும்போது இரண்டு தடவை கடகடவென்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இது என் வாழ்நாள் சாதனை.

நெடுஞ்சாலை. நாற்பது. ஐம்பது. நான் சாலையைப் பார்க்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தைந்து.

வளையல் கிணுகிணுத்தது.

"அப்பா! ஆடுது!"

முப்பத்தொன்பது வயசு, கல்லு மாதிரி கை, கரும்பலகையில் வட்டம் போட்டால் காம்பஸ் தோற்றுப்போகும் — அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏம்பா சிரிக்கறீங்க? எனக்கு பயமா இருக்கு!"

"மெதுவா ஓரம் கட்டும்மா. பிரேக்க மிதிச்சு அழுத்தாத. மெதுவா."

நின்றதும் அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "உனக்கு எப்பலேருந்து இந்த நடுக்கம்? டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று கேட்டேன். ஸ்டியரிங்மேல் தலையை வைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள். சிரிப்பா, அழுகையா, சரியாகத் தெரியவில்லை.

இறங்கி நட்டுகளைப் பார்த்தேன். மறுபடியும் தளர்ந்திருந்தன. இந்தத் தடவை கால் சுற்று அல்ல, அரைச் சுற்று. என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. முடுக்கிவிட்டு முப்பதில் வீட்டுக்கு வந்தோம்.

மார்ச் 31, திங்கள்

என் கை சரி. அப்படியென்றால் என் வேலை தப்பு.

காலை ஏழு மணிக்கு இதைத்தான் முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தமாக. பதினைந்து நாளாக இதைச் சொல்வதற்குப் பதில், கை போய்விட்டது என்று நம்பத் தயாராக இருந்திருக்கிறேன். என்ன ஜென்மம் நான்?

இடது சக்கரத்தைக் கழற்றினேன். ஸ்பேசரைக் கழற்றினேன். அது லேசில் வரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலால் தட்டி எடுத்தேன்.

பெயின்ட். என் இரண்டு பூச்சுப் பெயின்ட். தட்டின் கீழ்ப்பக்கம் வடிந்து வந்து, கண்ணீர்த் துளி மாதிரி ஒரு கட்டியாகக் காய்ந்து நின்றது. ஸ்பேசர் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, ஆனால் சக்கரத்தைச் சாய்க்க அது போதும். மற்ற இடங்களில் பெயின்ட் நசுங்கி, தோல் உரிந்த மாதிரி பெயர்ந்திருந்தது. நான் நட்டை முடுக்க முடுக்க, நடுவில் பெயின்ட் நசுங்க நசுங்க, நட்டு தளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. உட்கார்ந்துகொள்கிறது என்று எழுதி வைத்திருக்கிறேன். மூன்று தடவை தளர்ந்தும் உறைக்கவில்லை. வலது பக்கமும் இதே கதை, கட்டி மட்டும் இல்லை.

பெயின்ட் டப்பாவைத் தூக்கினேன். அடியில் அந்தத் துண்டுச் சீட்டு, வட்டமாகக் கறுப்புக் கறையோடு. கறைக்கு வெளியே மூன்றாவது வரி நன்றாகவே தெரிந்தது: "பொருந்தும் பரப்புகளில் பெயின்ட், துரு, அழுக்கு எதுவும் இருக்கக்கூடாது."

எறும்பு எழுத்துதான். பூதக்கண்ணாடி வீட்டில்தானே இருந்தது?

சக்கரம் கழன்று போயிருந்தால்? நேற்று, அவள் ஓட்டும்போது? இதை நினைத்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவி வந்து, "என்னங்க ஆச்சு?" என்றாள். "ஒண்ணும் ஆகல. ஒண்ணுமே ஆகல" என்றேன். அதுதான் உண்மை. எவ்வளவு பெரிய உண்மை.

ஏப்ரல் 1, செவ்வாய்

உலோகம் பளபளக்கும்வரை எல்லாவற்றையும் சுரண்டித் தேய்த்தேன். நட்டு, போல்ட்டு எல்லாம் புதிது. பிறகு டயர்க்கடைக்குப் போய், இவ்வளவு இறுக்கம் என்று அளந்து முடுக்குகிற அந்த ஸ்பேனரைக் கேட்டேன்.

"எதுக்கு, பெரியவரே? நீங்கதான் கையாலயே அளந்துடுவீங்களே?"

சொன்னேன். பெயின்ட் அடித்ததைச் சொன்னேன்.

"உள்ளயா? ரெண்டு பக்கமுமா?" தலையில் கை வைத்துக்கொண்டாள். "உள்ள யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்."

"பாத்தீங்கல்ல? நல்லா பாத்தீங்கல்ல?"

கடையே அதிரச் சிரித்தாள். பழைய நானாக இருந்தால் வேறு கடை தேடியிருப்பேன். இன்று எனக்கே சிரிப்பு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அவளே ஒவ்வொரு நட்டாக அளந்து முடுக்கிக்கொடுத்தாள். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடியும் வரச் சொன்னாள்.

வரும் வழியில் நெடுஞ்சாலைக்குத் திருப்பினேன். ஐம்பத்தைந்து. அறுபது. அறுபத்தைந்து. ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். பால் மாதிரி ஓடியது.

ஏப்ரல் 2, புதன்

நூறு கிலோமீட்டர் ஆயிற்று. டயர்க்கடை அம்மாள் சோதித்தாள். ஒரு நட்டுகூட அசையவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

வண்டி சரியாகிவிட்டதே, டாக்டர் எதற்கு என்றேன். "சொன்ன தேதி சொன்ன தேதிதான்" என்றாள் மகள். என் பிடிவாதம் எங்கே போகும்?

டாக்டர் கையை நீட்டச் சொன்னார். மூக்கைத் தொடச் சொன்னார். பேப்பரில் சுருள் வட்டம் போடச் சொன்னார். போட்டேன். "எந்த நடுக்கமும் இல்லையே, எதுக்கு வந்தீங்க?" என்றார். எங்கிருந்து ஆரம்பிப்பது? பெயின்டிலிருந்து ஆரம்பித்தேன். வெளியே ஆள் காத்திருக்கிறார்கள் என்று நர்ஸ் இரண்டு முறை எட்டிப் பார்த்தாள்.

பிறகு சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசி மூன்று வரி தெரியவில்லை. தாடையில் வெட்டிக்கொண்டதற்கும் துண்டுச் சீட்டைப் படிக்காததற்கும் இதுதான் காரணமாம். படிக்காததற்குக் காரணம் இது இல்லை என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை.

வெளியே வந்ததும், "கால்ல விழறேன்னு சொன்னியே?" என்றேன்.

"வீட்டுக்கு வாங்க, விழறேன். முதல்ல மூக்குக்கண்ணாடி."

ஏப்ரல் 5, சனி

கண்ணாடிக்கடைக்காரரிடம் போனேன். நிலைக்கண்ணாடி உடைந்தது என் தப்பு என்றேன். கை அல்ல, வேலை என்றேன். முழுக்கச் சொன்னேன். "என் தப்பு" என்று கடைசியாக எப்போது சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை.

அவர் நம்பவில்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, நெடுஞ்சாலையில் அறுபதில் ஒரு சுற்று வந்தார். இறங்கி நேராக உள்ளே போனார். இரண்டு ஆட்கள் எட்டடி ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"பாத்துக் கட்டுங்க அண்ணே" என்றார்.

"எனக்கே சொல்றீங்களா?" என்றேன். அது வேறு விஷயம். ஒரு தப்புக்கு ஒரு தடவைதான் மன்னிப்பு.

ஏப்ரல் 8, செவ்வாய்

டீ விளிம்புவரை இருந்தது. ஒரு கையால் எடுத்தேன். அவள் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிந்தவில்லை. "சர்க்கரை போதுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மகள் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். தோட்டத்துக்கு மண் ஏற்ற வேண்டுமாம். கியரைப் பார்த்து மாற்றச் சொன்னேன், தலையாட்டிவிட்டுக் கடகடவென்று மாற்றிக்கொண்டு போனாள். தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன். நான்கு சக்கரமும் ஒரே கோட்டில் போகின்றன.

நோட்டைத் திறந்தபோதுதான் கவனித்தேன். கோடு போட மறந்து ஐந்து நாள் ஆகிறது.